இருநிலை வணக்கம்

தலைவரின் கார் வாசலில் திரும்பிய அந்த நொடியில்தான் காவலாளிக்கு அரித்தது.

முதுகு அரித்தால் தூணில் சாய்ந்து தேய்த்துக்கொள்ளலாம். தலை அரித்தால் ஏதோ யோசிப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம். இவருக்கு அரித்தது தொடை இடுக்கில். அந்த இடத்தைச் சொறியும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் எடுபடாது. நெற்றிக்குப் போக வேண்டிய வலது கை கிளம்பியது உண்மைதான். ஆனால் மேலே போகவில்லை.

மறுநாள் காலை மெமோ வந்தது.

'நேற்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் தலைவர் அவர்களின் வாகனம் வளாகத்துக்குள் நுழைந்தபோது, நெற்றியை நோக்கி உயர்த்தப்பட்டிருக்க வேண்டிய தங்கள் வலது கை, அதற்கு நேர் எதிரான திசையில் கொண்டு செல்லப்பட்டு, அங்கு மூன்று நொடிகள் செயல்பட்டது ஏன்? மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கத் தவறினால் பணிநீக்கம் உள்ளிட்ட நடவடிக்கைகள் எடுக்கப்படும்.'

அவர் காவல் காத்தது அளவீட்டுக் கழகத்தின் தலைமை அலுவலகத்தை. நாட்டில் வாளியின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், துடைப்பத்தின் பிடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், மாடிப்படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கழகம்தான். கழகம் சொன்னபடி யாரும் வாளி செய்வதில்லை என்பது வேறு விஷயம். ஊருக்கு அளவு சொல்கிற இடத்தில் சல்யூட்டுக்கு அளவு இல்லாமல் இருக்குமா? ஒன்பது பக்கத்தில் ஓர் ஆவணம் இருந்தது. கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், விரல்கள் எப்படி ஒட்டியிருக்க வேண்டும், நடுவிரல் புருவத்திலிருந்து எத்தனை நூல் தள்ளி இருக்க வேண்டும் எல்லாம் அதில் உண்டு.

சீருடையும் கழகத்தின் சொந்தத் தயாரிப்பு. சுருங்காது. வெளுக்காது. மழையில் நின்றால் ஒரு சொட்டு உள்ளே போகாது. விருது வாங்கிய துணி. விருதுக் கேடயம் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தத் துணியில் தைத்த பேன்ட்டை மாட்டி, நான்கு விரல் அகல பெல்ட்டை இறுக்கி, கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிநேரம் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்பது கேடயத்துக்குத் தெரிய நியாயமில்லை.

முதலில் ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பாக வட்டம் வந்தது. காவலாளி மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் கலையும்வரை இருமல் மருந்து பார்ப்பதுபோல் நின்று, கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். கடைக்காரர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. ஒரு டியூபை எடுத்து நீட்டினார். மூன்று நாள் சொர்க்கம். நான்காம் நாள் வட்டம் இரண்டானது. பத்தாம் நாள் தேசப்படம்போல எல்லைக்கோடு போட்டுக்கொண்டு இரண்டு தொடையிலும் படர்ந்துவிட்டது. சொறிந்தால் சுகம், விட்டால் எரிச்சல் என்ற நிலைக்கு வந்திருந்தபோதுதான் தலைவரின் கார் திரும்பியது.

மெமோவைப் படித்துக் காட்டியதும் அவர் மனைவி சிரித்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். கையில் கத்தரிக்கோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சில் வெட்டு இருக்கும்.

"ஒரு மாசமா வாத்து மாதிரி நடக்குறீங்க. கேட்டா பூட்ஸ் கடிக்குதுன்னீங்க. பூட்ஸ் அங்கயா கடிக்குது?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்ல கேக்கப் போவுது."

"கேக்கட்டுமே. அவங்க வீட்ல யாருக்கும் தொடையே இல்லையா?"

அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பார்க்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.

"படர்தாமரை. ரொம்ப சாதாரணம். கடையில வாங்கிப் போட்ட டியூபைக் குப்பையில போடுங்க. அது அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்க்கும். நான் குடுக்குறதைக் காலையும் சாயங்காலமும் வட்டத்துக்கு வெளியிலயும் ரெண்டு விரல் அகலத்துக்குச் சேர்த்துத் தடவுங்க. குளிச்சதும் நல்லா ஈரம் போகத் துடைங்க. தனித் துண்டு. இறுக்கமில்லாத காட்டன் பேன்ட். மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம் விடாமப் போடணும். மறைஞ்சிடுச்சுன்னு நிறுத்துனா மறுபடியும் வரும்."

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். வேற என்ன எதிர்பார்த்தீங்க?"

காவலாளிக்குப் பெரிய நிம்மதி. நோய் முடிந்த மாதிரிதான். விளக்கம் மட்டும்தான் பாக்கி என்று நினைத்தார்.

*

'அரிப்பு ஏற்பட்ட காரணத்தால்' என்று ஒற்றை வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். நிர்வாக அதிகாரி அதை இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"இடம் குறிப்பிடலையே."

காவலாளி பக்கத்தில் பார்த்தார். தட்டச்சுக்கார அம்மா விரலை விசைமேல் வைத்தபடி காத்திருந்தார்.

"எழுதித் தர்றேங்கய்யா."

வெளியே போய் நெடுநேரம் யோசித்து, எழுதி, அடித்து, கடைசியில் நாகரிகமாக ஒரு சொல் கிடைத்த சந்தோஷத்தில் 'மறைவிடத்தில் அரிப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிர்வாக அதிகாரி கோப்புகளின் முதல் சொல்லை மட்டும் படித்து எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர். இருபது வருட அனுபவம் அப்படி. 'மறைவிடம்' என்று பார்த்ததும் கோப்பின் மூலையில் 'பாதுகாப்பு அதிகாரியின் அவசர கவனத்துக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி கொதித்துப்போனார்.

"இந்த வளாகத்துல மறைவிடமா? எனக்குத் தெரியாமலா? பதினாறு வருஷமா இந்த நாற்காலியை விட்டு நகராமக் காவல் காக்குறேன்யா!"

இரண்டு நாள் தேடுதல் நடந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆவணக் காப்பறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் உணவக மேலாளரின் மடக்குக் கட்டில். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு உதவி இயக்குநர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போன சதுரங்க ஆட்டம். வெள்ளைக்கு இன்னும் இரண்டு நகர்த்தலில் வெற்றி இருந்தது. சாமான் அறையில், கழக முத்திரை குத்தி வரிசை எண் போட்ட தலையணை ஒன்று. அது துணை இயக்குநருடையது என்று எண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கை சுருக்கமாக இருந்தது: 'மொத்தம் பதினொரு மறைவிடங்கள் கண்டறியப்பட்டன. எதிலும் அரிப்பு காணப்படவில்லை. எனவே காவலாளியின் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.'

அதிலிருந்து அலுவலகத்தில் யாரும் காவலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மதியத் தூக்கம் போன ஆத்திரம் லேசானதா? உணவக மேலாளர் அவருக்கு மட்டும் அடிச்சட்டி டீ ஊற்றினார்.

"சும்மா தொடைன்னு எழுதியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?" என்றாள் மனைவி. "வெக்கப்பட்டு வெக்கப்பட்டு இப்ப வேலையே போகப் போகுது. இந்த வேலையை விட்டா இந்த வயசுல வேற யாரு குடுப்பா? டாக்டரம்மாகிட்ட ஒரு கடுதாசி வாங்குங்க. இடத்தைப் பச்சையா எழுதச் சொல்லுங்க."

டாக்டரம்மா பச்சையாகவே எழுதிக் கொடுத்தார். நோய், இடம், மருந்து, நான்கு வாரத்துக்குக் காட்டன் பேன்ட். காவலாளி அதை இணைத்து மூன்றாவது விளக்கம் கொடுத்தார். இந்த முறை கோப்பு இரண்டாகப் பிரிந்தது. பேன்ட் சீருடைக் குழுவுக்கும், கை விசாரணைக் குழுவுக்கும் போயின.

*

சீருடைக் குழுவின் தலைமை துணி நிபுணருக்கு. அந்த விருதுத் துணியை உருவாக்கியவரே அவர்தான். மெலிந்த மனிதர். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலத் துணியைப் பற்றிப் பேசுவார். காவலாளி உள்ளே போனபோது அவர் முதலில் பார்த்தது காவலாளியை அல்ல, பேன்ட்டின் மடிப்பை.

"எத்தனை வருஷம் ஆச்சு இந்த பேன்ட் குடுத்து?"

"ரெண்டு வருஷங்கய்யா."

"பாருங்க!" என்று மற்ற உறுப்பினர்களிடம் திரும்பினார். "ரெண்டு வருஷம். மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. இந்தத் துணி மேலயா புகார்?"

"துணி மேல புகார் இல்லீங்கய்யா. உள்ளதான் அரிக்குது."

"உள்ள இருக்குறது எங்க பொறுப்பில்ல. இந்தத் துணியைப் பொம்மைக்குப் போட்டு ஆறு மாசம் வெயில்ல நிக்க வெச்சுச் சோதிச்சோம். அந்தப் பொம்மை ஒரு தடவைகூடச் சொறியல."

"பொம்மைக்கு வேர்க்காதுங்களேய்யா."

துணி நிபுணர் முகம் மலர்ந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன்! குறை துணியில இல்ல, வேர்வையில. துணி நாங்க குடுத்தது. வேர்வை நீங்க சொந்தமாக் கொண்டு வந்தது. வெளியிலருந்து கொண்டு வர்ற பொருளுக்குக் கழகம் எப்படிப் பொறுப்பேற்கும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஆனாலும் டாக்டரின் கடிதம் மேசைமேல் கிடந்தது. முத்திரையோடு இருக்கும் காகிதத்தைக் கழகத்தால் கிழிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விருதுத் துணியைக் கைவிட்டால் கேடயத்துக்கு என்ன பதில் சொல்வது? மூன்று மணிநேரம் பேசி, இரண்டு முறை டீ குடித்து, துணி நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வெளிப்பக்கம் காட்டன். அது டாக்டருக்கு மரியாதை. உள்பக்கம் முழுக்க நம்ம துணியில உள்துணி. அது விருதுக்கு மரியாதை."

"தோல்ல படுறது உள்பக்கம்தானுங்களேய்யா?" என்று காவலாளி கேட்டார்.

"அது நுணுக்கமான கேள்வி. அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. காவலாளிகளுக்கு இரட்டைத் துணியில் தனி பேன்ட் தைக்கப்போகிற செய்தி மேல்மாடிவரை போய்விட்டது. அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். வாசலில் நிற்கிறவனுக்கு இரண்டு துணி, மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒரே துணியா? பதவிக்கென்று ஒரு மதிப்பு வேண்டாமா? பதினேழு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். மதியத் தூக்கம் பறிபோன துணை இயக்குநர்தான் முதல் கையெழுத்து. 'காவலாளியின் பேன்ட்டைவிட எங்கள் பேன்ட் எவ்வகையிலும் குறைந்ததாக இருத்தலாகாது' என்று மனு முடிந்தது. தலைவரும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். கடைநிலை முதல் தலைவர்வரை எல்லோருக்கும் இரட்டைத் துணி பேன்ட் என்று உத்தரவானது. அளவெடுக்க ஆள் வந்தார்.

இந்தச் சத்தமெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது காவலாளியின் மனைவி ஒரு காரியம் செய்தாள். பட்டறையில் மிஞ்சிய காட்டன் துணியில் அதே சாம்பல் நிறத்தைத் தேடி எடுத்து, அதே வெட்டில், இடுக்கில் மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டு, இரண்டு பேன்ட் தைத்துவிட்டாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நண்பகலுக்குள் மடிப்பு கலைந்துவிடும், அதுதான் வித்தியாசம். தினமும் அவர் துணியைத் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போட்டு, தையல் ஓரங்களை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். துண்டில் அடையாளத்துக்குச் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அரிப்பு போய்விட்டது. காவலாளி டியூபை அலமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்தார். மனைவி எடுத்து முன்னால் வைத்தாள்.

"அதான் போயிடுச்சே."

"போகல. ஒளிஞ்சிருக்கு. டாக்டரம்மா சொன்னது மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம். உங்க கழகம் மாதிரி பாதியில நிறுத்தி அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னா அது கேக்காது. தடவுங்க."

தடவினார். தோல் வட்டம் வட்டமாக மங்கி, கடைசியில் எல்லைக்கோடும் அழிந்து, பழைய தோலாகவே ஆனது. நடையும் மனித நடையானது.

*

விசாரணைக் குழு கூடியபோது அவருக்கு முழுதாகக் குணமாகியிருந்தது. அதைப் பற்றிக் குழு எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கை.

ஏழு அதிகாரிகள். சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, வாசல் கேமராவில் பதிவான காட்சியைப் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். கார் திரும்புகிறது. கை கிளம்புகிறது. கீழே போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தச் சொன்னார்கள். பின்னால் ஓட்டச் சொன்னார்கள். மெதுவாக ஓட்டச் சொன்னார்கள். தன் கை ஒரு யானையின் துதிக்கைபோல அசைந்து அசைந்து அந்த இடத்துக்குப் போவதைக் காவலாளி பதினொரு முறை பார்த்தார். ஏழாவது முறைக்குமேல் இருட்டில் நாற்காலிகள் நெளிகிற சத்தம் கேட்டது. அரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பார்க்கிறவருக்கும் அரிக்கும். அது அதிகாரிகளுக்கும் பொருந்தும்.

விளக்குப் போட்டதும் நிர்வாக அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தலைவர்மேல மரியாதை இருக்கா இல்லையான்னு நாங்க கேக்கல. அது உங்க சொந்த விஷயம். எங்களுக்கே ஆயிரம் இருக்கும். இருக்குற மாதிரி தெரியணும். அதுக்குத்தான் சல்யூட். அன்னைக்குத் தெரியல. அதான் குற்றம்."

"தப்புதாங்கய்யா. தாங்க முடியல."

"தாங்க முடியாததை எல்லாம் தாங்குறதுக்குத்தானே சம்பளம்?"

வேலை போய்விட்டது என்று காவலாளிக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சட்ட ஆலோசகர் ஒன்பது பக்க ஆவணத்தைப் புரட்டிக்கொண்டே வாய் திறந்தார். அதுவரை அவர் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஆவணத்துல கை எங்க போய் முடியணும்னு இருக்கு. எங்கருந்து தொடங்கணும்னு இல்ல."

நிர்வாக அதிகாரி ஆவணத்தை எட்டிப் பார்த்தார்.

"அப்படின்னா?"

"இவர் கை தப்பான இடத்துக்குப் போச்சுன்னு சொல்ல முடியாது. அதைத் தொடங்குற இடம்னு அவர் சொன்னா, இல்லைன்னு மறுக்க நம்மகிட்ட அளவு இல்ல. இவர் வழக்குக்குப் போனா, அளவீட்டுக் கழகத்துக்கே அளவு தெரியலைன்னு வெளியில வரும்."

ஏழு முகங்களும் வெளுத்தன. காவலாளி வழக்கு என்று கனவிலும் நினைத்தவரில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு மணிநேரத்தில் தீர்ப்பு தயாரானது. காவலாளி வணக்கத்தைத் தவறாக வைக்கவில்லை, முதல் நிலையை முறையாகச் செய்துவிட்டு இரண்டாம் நிலையை முடிக்கத் தவறினார். எனவே எச்சரிக்கையோடு விடப்படுகிறார். மேலும், இனி குழப்பம் நேராதிருக்க, வணக்கத்தின் தொடக்கப் புள்ளி ஆவணத்தில் சேர்க்கப்படுகிறது. கைவசம் இருந்த ஒரே சான்று அந்தக் கேமராக் காட்சி என்பதால் அதிலிருந்தே அளந்து எடுத்தார்கள். 'முதல் நிலை: வலது கை இடுப்புக்குக் கீழே ஒரு சாண், உள்பக்கமாக இரண்டு அங்குலம். கால அளவு: மூன்று நொடி. இரண்டாம் நிலை: நெற்றி.'

மறுவாரம் எட்டுக் காவலாளிகளையும் முன்முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுத்தார் பாதுகாப்பு அதிகாரி. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான்.

"நிலை ஒன்று! பிடி! ஒன்று, இரண்டு, மூன்று! நிலை இரண்டு!"

தெருவில் போன பெண்கள் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். எதிரே இருந்த பழக்கடைக்காரர் கடையின் வாசலையே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே," என்றான் பக்கத்தில் நின்ற குட்டைக் காவலாளி, கையை எடுக்காமலே. "உங்களால எங்களுக்கு வந்த வாழ்வைப் பாத்தீங்களா? நேத்து என் மாமனார் பஸ்ல போறப்ப பாத்துட்டாராம். வீட்டுக்கு வந்து எம்பொண்டாட்டிகிட்ட, மாப்பிள்ளைக்கு வேற வேலை பாக்கலாமான்னு கேட்டிருக்காரு."

புதிய முறை அமலான காலையில் தலைவரின் கார் திரும்பியது. எட்டுக் கைகள் ஒரே நேரத்தில் கீழே போயின. மூன்று நொடி அங்கே இருந்தன. ஒரே நேரத்தில் மேலே ஏறின. கார்க் கண்ணாடி இறங்கியது. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடி ஏறியது.

*

இரட்டைத் துணி பேன்ட்டுகள் வந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று. காவலாளியின் மனைவி அவருடையதை வாங்கின அன்றே உள்துணியைப் பிரித்துவிட்டாள். அடுத்த வாரம் மற்ற ஏழு காவலாளிகளின் பேன்ட்டுகளும் பையில் வந்தன. அவற்றையும் பிரித்தாள்.

மேல்மாடியில் யாரும் பிரிக்கவில்லை. அங்கே நாற்காலிகள் தோல் உறை போட்டவை. மின்விசிறிக் காற்று மேசைக்கு மேலேதான் வரும்.

அப்படியொரு நாள் காலை காவலாளி ஏதோ நினைவில், பழைய பழக்கத்தில், கையை நேராக நெற்றிக்கு உயர்த்திவிட்டார். மாலையே மெமோ. முதல் நிலையைத் தவிர்த்தது ஏன்? இம்முறை அவர் சொல்லுக்குத் தடுமாறவில்லை. 'எனக்கு இப்போது அரிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். தட்டச்சுக்கார அம்மாவை டீ குடிக்கப் போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். உட்காரவில்லை. சற்று அகலமாகக் கால் வைத்து நின்றார்.

"அரிக்கலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கய்யா."

"சுத்தமாவா?"

"சுத்தமாங்கய்யா. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு… சொந்தக்காரர் மாதிரி… கடையில ஒரு டியூப் வாங்கிப் போட்டார். மூணு நாள் நல்லா இருந்துச்சு."

"நாலாம் நாள் ரெண்டாயிருக்குமேய்யா."

அதிகாரி சட்டென்று திரும்பினார். "எப்படித் தெரியும்?"

"அந்த டியூபைத் தூக்கிப் போடச் சொல்லுங்கய்யா, உங்க சொந்தக்காரரை." காவலாளி டாக்டரம்மா சொன்னதை வரி விடாமல் சொன்னார். மருந்தின் பெயர், காலை, சாயங்காலம், வட்டத்துக்கு வெளியே ரெண்டு விரல் அகலம், ஈரம் கூடாது, தனித் துண்டு, மறைந்த பிறகும் ரெண்டு வாரம். அதிகாரி கோப்பின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். இருபது வருடத்தில் ஒரு கடைநிலை ஊழியர் சொல்லி அவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அப்புறம் பேன்ட்டு… உங்களுக்கும் அதே பேன்ட்டுதானே?"

"என் வீட்டுக்காரி உள்துணியைப் பிரிச்சுட்டாங்கய்யா."

நிர்வாக அதிகாரியின் முதுகு நிமிர்ந்தது. குரல் மெமோவின் குரலானது.

"அது கழகச் சொத்தைச் சிதைப்பது. தண்டனைக்குரிய குற்றம்."

"ஆமாங்கய்யா."

அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

மறுநாள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று காவல் கூண்டில் இருந்தது. அதற்கு மறுநாள் மூன்று. சட்ட ஆலோசகர் தன்னுடையதைச் சட்டப் புத்தக உறைக்குள் வைத்துக் கொடுத்தார். பாதுகாப்பு அதிகாரி அந்த வருடத்தில் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து கொடுத்தார். ஒருநாள் தலைவரின் ஓட்டுநர் ஒரு பையை நீட்டி, யாருடையது என்று கேட்க வேண்டாம் என்றார். பிரித்துப் பார்த்தபோது, அவ்வளவு அகலமான இடுப்பு கழகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு என்று மனைவிக்கே புரிந்தது. இரண்டாவது மெமோவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கோப்பு எங்கே என்று கேட்டால், பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறதாம், நிர்வாக அதிகாரி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாராம்.

வீட்டில் உள்துணி மலைபோலச் சேர்ந்தது. மனைவி எதையும் வீணாக்குகிறவள் அல்ல. நாலு துண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து ஸ்கூட்டருக்கு உறை போட்டாள். தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஒன்று. துவைக்கிற கல்லுக்கு மேலே கூரைமாதிரி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மழை அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக் காவலாளி திறந்தார். குடையோடு துணி நிபுணர் நின்றார். கக்கத்தில் ஒரு பொட்டலம். நடந்தே வந்திருக்கிறார். அதுவும் வாத்துபோல.

"உள்ள வாங்கய்யா."

"இல்ல, இல்ல. இப்படியே…" அவர் கண் வாசல் ஓரத்தில் நின்ற ஸ்கூட்டரில் விழுந்தது. குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்தபடியே அதன் அருகே போனார். உறையின் நுனியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு இருக்கையைத் தடவிப் பார்த்தார். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"பாத்தீங்களா! இந்த மழையில, ஒரு சொட்டு உள்ள போகல!"

"ஆமாங்கய்யா," என்றார் காவலாளி. "ஒரு சொட்டு வெளியவும் போகாது."

துணி நிபுணர் அப்படியே நின்றார். மழை அவர் தலையில் விழுந்து, சட்டைக்குள் இறங்கி, போட்டிருந்த பழைய விருதுத் துணி பேன்ட்டின் மேலே முத்துமுத்தாக உருண்டோடியது. கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து பொட்டலத்தைக் காவலாளியின் மனைவியிடம் நீட்டினார்.

"ரெண்டு பேன்ட் இருக்கும்மா. நாளைக்கே கிடைக்குமா?"

"கிடைக்குங்கய்யா. உள்துணி?"

அவர் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு இன்னும் ரெண்டு பக்கம் மூடாம இருக்கு," என்றார். "அங்க போட்டுடுங்க."